டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை: தப்பான திருகைத் திருகிய ஆறு மாதம்

நீளமான இறக்கம். அடியில் குறுக்கே போகும் சாலை. ஒரு லாரி மெதுவாகக் குறுக்கே நுழைவதைப் பார்த்து இரண்டு லீவரையும் சேர்த்து இழுத்தேன். முன் லீவர் வழவழவென்று வந்து ஹேண்டில்பார் பிடியைத் தொட்டுவிட்டது. பின் லீவர் பாதியில் கல் மாதிரி நின்றது. வண்டியோ எதுவும் நடக்காதது போல உருண்டுகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு காலையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். லாரிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்க் பிரேக் சைக்கிள் என்று பெருமையாக வாங்கியதைச் செருப்பால் நிறுத்திய ஆள் நான்.

என் வண்டிக்கு என்ன நோய் என்பதை அந்த ஒரு நொடியிலேயே இரண்டு லீவரும் தெளிவாகச் சொல்லிவிட்டன. முன்னது ஒரு பதில், பின்னது வேறொரு பதில். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. "பிரேக் வீக்" என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் கட்டிவைத்து, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டியில் இருப்பது மெக்கானிக்கல் டிஸ்க். அது பாதி பழைய பிரேக், பாதி புதியது. லீவரிலிருந்து போவது பழைய கேபிள்தான்; எண்ணெய்க் குழாய் கிடையாது. அந்தக் கேபிள், டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன உலோகக் கையை இழுக்கிறது. கை திரும்பும்போது உள்ளே இருக்கும் சிறு குண்டுகள் சரிவான பள்ளங்களில் ஏறி, ஒரு பேடை, அதாவது உரசி நிறுத்தும் கட்டையை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை நோக்கித் தள்ளுகின்றன. பெரும்பாலான கேலிப்பர்களில் நகர்வது வெளிப்பக்கப் பேட் மட்டும்தான். அது டிஸ்க்கை லேசாக வளைத்து, உள்பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பேடின்மேல் அழுத்துகிறது. டிஆர்பி ஸ்பைர் போன்ற சிலவற்றில் இரண்டு பேடும் நகரும்.

எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் தானாகவே கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெக்கானிக்கலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தேய்ந்த அளவுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும். யாராவது வந்து அடைக்க வேண்டும். அந்த யாராவது நாம்தான். எந்த இடத்தில் அடைப்பது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

லீவருக்குள் கேபிள் நுழையும் இடத்தில், விரலாலேயே திருகக்கூடிய சின்ன உருளை ஒன்று இருக்கும். பேரல் அட்ஜஸ்டர் என்பார்கள். அதை வெளியே திருகினால் கேபிள் இறுகும், லீவர் சீக்கிரம் பிடிக்கும். கருவி வேண்டாம், குனிய வேண்டாம், கை அழுக்காகாது. இதைவிடச் சுகமான ரிப்பேர் உலகத்தில் உண்டா? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று. அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடி தளரும். ஆறு மாதத்தில் உருளை கிட்டத்தட்டக் கழன்று விழும் அளவுக்கு வெளியே வந்திருந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். "பேட் தீர்ந்துபோயிருக்கும்" என்று புதுப் பேட் வாங்கி வைத்தேனே தவிர, மாட்டக்கூட இல்லை. அந்தச் சோம்பலுக்குத்தான் செருப்பு பலியானது.

அன்று சாயங்காலம் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தேன். ஹைட்ராலிக் வண்டியை அப்படிக் கவிழ்த்தால் உள்ளே எங்காவது காற்று இருந்து இடம் மாறிவிடுமோ என்று யோசிக்க வேண்டும். கேபிள் பிரேக்குக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது யாராவது "பிரேக் பிடிக்கலை" என்று வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: லீவர் எங்கே போய் நிற்கிறது? பிடியைத் தொடும் அளவுக்கு வந்துவிடுகிறது என்றால், விரல் கொடுக்கும் இழுப்பு பேடுக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியில் எங்கோ தொலைகிறது: கேபிளில், உறையில், கேலிப்பர் கையின் இருப்பில், பேடின் இடைவெளியில். லீவர் கெட்டியாக நின்றும் சக்கரம் சுற்றுகிறது என்றால், இழுப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் பிடிமானம் இல்லை. முதல் நோய்க்குப் பேட் மாற்றுவதும் வீண், இரண்டாவது நோய்க்குக் கேபிளை இறுக்குவதும் வீண். நான் ஆறு மாதம் செய்தது இந்த இரண்டாவது வீண்.

பின் பிரேக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குற்றவாளி யார் என்று உடனே தெரிந்துவிட்டது. நான்தான். செயினுக்கு எண்ணெய் போட ஸ்ப்ரே வாங்கியிருந்தேன். பீய்ச்சியடித்தால் செயின் முழுக்க நனையும், வேலை சீக்கிரம் முடியும். செயின் போகும் பாதைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் பின் டிஸ்க் இருக்கிறது என்பது நினைவில் இல்லை. புகை மாதிரி பறக்கும் எண்ணெய்த் துளிகள் டிஸ்க்கில் படிய, டிஸ்க் அதைப் பேடுக்குக் கொடுக்க, பேட் அதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டது. அதிலிருந்துதான் பிரேக் பிடித்தால் வாத்து கத்துவது போல ஒரு சத்தம். சத்தம் வந்தால் எண்ணெய் விடுவது நம் கைக்குப் பழக்கமான வைத்தியம் இல்லையா? நல்லவேளை, கேலிப்பருக்கே ஒரு சொட்டு விடலாம் என்று நினைத்து, கடைசி நிமிடத்தில் விட்டுவிட்டேன்.

டிஸ்க்கைச் சுத்தம் செய்வது எளிது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சுத்தமான பருத்தித் துணி. துடைத்த துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை, துணியின் புதுப் பக்கத்தை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு விரல் படக்கூடாது, நம் தோலிலேயே எண்ணெய் இருக்கிறது. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயால் துடைத்தால் கறை போய்ப் பளபளக்கும், ஆனால் அது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். எண்ணெயை எண்ணெயால் கழுவிய கதை.

பேடைக் காப்பாற்றத்தான் ரொம்பப் பாடுபட்டேன். முதலில் ஆல்கஹாலில் ஊற வைத்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு. அப்புறம் உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து, பேடின் முகத்தை அதன்மேல் எட்டு போடுவது போலத் தேய்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி இருந்த பளபளப்பு போய் மங்கலான முகம் வந்தது. மாட்டிப் பார்த்தால் அற்புதம், பிடித்தது. நாலு நாள். ஐந்தாம் நாள் வாத்து திரும்பி வந்தது. சூடேற ஏற, உள்ளே ஊறியிருந்த எண்ணெய் மறுபடி முகத்துக்கு வந்துவிடுகிறது. நெருப்பில் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தது, வீடு முழுக்க நாற்றம், பேடின் ஓரத்தில் ஒரு சின்ன விரிசல். தகட்டிலிருந்து பேட் பெயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்த அன்றே இரண்டையும் குப்பையில் போட்டேன். எண்ணெய் ஆழமாக ஊறிய பேட் செத்த பேட். உப்புத்தாள் வைத்தியம் எதற்கென்றால், நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் முகம் கருகிப் பளபளத்துப்போன பேடுக்கு. அதற்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. தேய்க்கும்போது வரும் தூசியை மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது.

புதுப் பேட் மாட்டும் முன் டிஸ்க்கில் பொறித்திருப்பதைப் படித்தது என் அதிர்ஷ்டம். 'ரெசின் பேட் ஒன்லி' என்று இருந்தது. நான் வாங்கி வைத்திருந்தது மெட்டல் பேட். ரெசின் என்பது பிசினில் பிணைத்த நார்களும் பொடிகளும். மெத்தென்று பிடிக்கும், சத்தம் குறைவு, சீக்கிரம் தேயும். மெட்டல் என்பது உலோகப் பொடியைச் சூட்டில் இறுக்கியது. மழையிலும் சேற்றிலும் நின்று உழைக்கும், ஆனால் அதற்கேற்ற கடினமான டிஸ்க் வேண்டும். ரெசினுக்கு என்று செய்த டிஸ்க்கில் மெட்டல் பேடைப் போட்டால் அது டிஸ்க்கையே அரைத்துவிடும். மாற்றிக்கொண்டு வந்தேன்.

சரி, புது ரெசின் பேட், துடைத்த டிஸ்க், எல்லாம் மாட்டியாயிற்று. ஆசையாக ஓட்டிப் பார்த்தால் பழையதைவிட மோசம்! அரை மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். புதுப் பேட் முதல் நாளே பிடிக்காது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஒட்ட வேண்டும். அந்தப் படலத்தின்மேல் பேட் உரசும்போதுதான் முழுப் பிடிமானம் வரும். அதற்குப் பழக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், நடக்கும் வேகம் வரும்வரை ஒரே சீராகப் பிடித்து, முழுக்க நிற்பதற்குள் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை. அப்புறம் இன்னும் கொஞ்சம் வேகத்தில் பத்து முறை. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடக் கூடாது. சூடான பேடோடு ஒரே இடத்தில் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். எட்டாவது, ஒன்பதாவது முறையிலேயே வித்தியாசம் கையில் தெரிந்தது. முடித்ததும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க ஆசை வரும். தொடாதீர்கள். என் ஆள்காட்டி விரலில் டிஸ்க்கின் ஓட்டை வடிவத்தில் ஒரு தழும்பு இரண்டு வாரம் இருந்தது.

பின் பிரேக் இவ்வளவுதான். முன் பிரேக்கை அதே மாதிரி துடைத்தேன், பழக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. லீவர் பிடியைத் தொடுவது தொட்டபடியே இருந்தது. கவலைப்பட வேண்டியதும் இதற்குத்தான். பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. லீவரில் உருளை வெளியே துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார், கேலிப்பரின் கையைப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கை எங்க நிக்குது பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 5 மி.மீ. அலன் கீயால் கேபிளைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினார். கை 'டக்' என்று ஸ்பிரிங் வேகத்தில் பின்னால் போய் உட்கார்ந்தது. கிட்டத்தட்ட அதன் மொத்த ஓட்டத்தில் பாதி தூரம்.

"அதோட வீடு அங்க இருக்கு. நீ பாதி வழியில கொண்டுவந்து கட்டிப்போட்டு, மீதிப் பாதியில வண்டிய நிறுத்துன்னா எப்படி நிறுத்தும்?"

நான் உருளையைத் திருகிய ஒவ்வொரு முறையும் பேடை டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததாக நினைத்தேன். உண்மையில் கையின் ஓட்டத்தைத் தின்றுகொண்டிருந்தேன். கை ஓரளவுக்குத்தான் சுற்றும். அதன் பின் கேலிப்பரின் உடலிலோ கேபிள் நுழையும் தாங்கியிலோ முட்டி நின்றுவிடும். அப்புறம் லீவரை எவ்வளவு நசுக்கினாலும் பேடுக்கு ஒரு துளி அழுத்தமும் கூடாது. இதோடு இன்னொன்றும் உண்டு. கிணற்று ராட்டின அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைப்பிடிக்குச் செங்குத்தாகத் தள்ளும்போதுதான் முழு பலம் கிடைக்கும். கேபிளும் கையும் செங்குத்துக்கு அருகில் இருக்கும்போது பேட் கடிக்க வேண்டும். கையை முன்கூட்டியே சுற்றி வைத்துவிட்டால் பல கேலிப்பர்களில் அந்த நல்ல கோணம் பேட் டிஸ்க்கைத் தொடும் முன்பே கடந்துபோய்விடுகிறது. நான் இறுக்க இறுக்க பிரேக் வீக் ஆனதன் ரகசியம் இவ்வளவுதான். இரண்டு நாள் நன்றாக இருந்ததே, அது லீவர் சீக்கிரம் கெட்டியானதால் வந்த மயக்கம்.

அவர் செய்ததை நான் பின்னால் பலமுறை வீட்டில் செய்துவிட்டேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சக்கரம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியைத் தரையில் நிறுத்தி, சக்கர அச்சின் பூட்டைத் தளர்த்தி, மேலிருந்து ஒரு அழுத்து அழுத்தி மறுபடி பூட்டுவது நல்லது. இது கோணலாக இருந்தால் மேலே செய்வதெல்லாம் கோணல்தான். பிறகு கேபிளைத் தளர்த்தி, கை வீட்டுக்குப் போய் உட்காரட்டும். உருளையை முழுக்க உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று மட்டும் வெளியே எடுக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு சுற்று, பின்னால் கேபிள் நெகிழும்போது சரிசெய்ய. இப்போது கேபிளைத் தொய்வில்லாமல், அதே நேரம் கை துளியும் நகராமல், பிடித்து இறுக்க வேண்டும். ஒரு கையால் கேபிளை இழுத்து மறு கையால் அலன் கீயைத் திருப்பும்போது கேலிப்பரின் கை கொஞ்சம் மேலே ஏறத்தான் பார்க்கும். ஏற விடக்கூடாது.

இடைவெளியை அடைக்க வேண்டியது இனிமேல்தான், அதுவும் கேலிப்பரில். கேலிப்பரின் உள்பக்கம், அதாவது ஸ்போக்ஸ் பக்கம், அசையாத பேடை முன்னால் கொண்டுவர ஒரு திருகு இருக்கும். சிலவற்றில் ஸ்போக்ஸ் வழியாக அலன் கீயை நுழைக்க வேண்டும். அவிட் பிபி7 மாதிரி கேலிப்பரில் விரலால் திருகும் சிவப்புக் குமிழே உண்டு, அதுவும் இரண்டு பக்கமும். எந்தப் பக்கம் திருகினால் பேட் உள்ளே வருகிறது என்று பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து இடைவெளியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அசையாத பேட் டிஸ்க்கில் உரசாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும். ஒரு தாள் கனம் போதும். அது தூரமாக இருந்தால் வெளிப்பக்கப் பேட் டிஸ்க்கை வளைத்து வளைத்து அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியிருக்கும். விரலின் பலம் பாதி தகட்டை வளைப்பதிலேயே போய்விடும்.

வெளிப்பக்கத்துக்குத் தனித் திருகு இல்லாத கேலிப்பர்தான் என்னுடையது. அதில் வெளிப்பேட் தேய்ந்தால் என்ன செய்வது? கேபிளை இறுக்குவதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். மெக்கானிக் கேலிப்பரையே நகர்த்தினார். அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினால் கேலிப்பர் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். சக்கரத்தை நோக்கித் தள்ளினால் வெளிப்பேட் டிஸ்க்குக்கு அருகில் வரும், உள்பேட் விலகும். விலகியதை உள்பக்கத் திருகால் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். ஆக, இரண்டு பேடின் தேய்மானத்தையும் ஒரே திருகால் சமாளித்தாயிற்று. கை வீட்டிலேயே இருக்கிறது. இவ்வளவு எளிய விஷயம் ஆறு மாதம் எனக்குத் தோன்றவில்லை.

போல்ட்டை இறுக்கும்போது ஒரே பக்கத்தை முழுக்க இறுக்கினால் கேலிப்பர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். லீவரை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்க வேண்டும். 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் என்பதுதான் வழக்கமான இறுக்க அளவு. சக்கரத்தைச் சுற்றிக் காதால் கேட்க வேண்டும். லேசாக, ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'ஸ்ஸ்' என்றால் டிஸ்க் வளைந்திருக்கிறது. விடாமல் உரசினால் கேலிப்பர்தான் நகர்ந்திருக்கிறது.

வளைந்த டிஸ்க் தன்னளவில் பெரிய குற்றவாளி இல்லை. ஆனால் அது உரசாமல் சுற்ற வேண்டுமே என்று நாம் பேடை விலக்கி வைப்போம். அந்த விலக்கலில் பிரேக் வீக் ஆகிவிடும். சுத்தமான துணி சுற்றிய ஒரு ஸ்பேனரால் வளைந்த இடத்தை மட்டும் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் நெளிக்கலாம். பொறுமை வேண்டும், ஒரே அமுக்கில் சரிசெய்யப் பார்த்தால் இரண்டு இடத்தில் வளைந்துவிடும். கையோடு, டிஸ்க்கைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டையும் நட்சத்திர முனை கொண்ட டி25 டார்க்ஸ் சாவியால் தொட்டுப் பாருங்கள். என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன. டிஸ்க்கின் கனமும் ஒரு கணக்கு: புதிதில் பெரும்பாலும் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும், பல டிஸ்க்குகளில் அந்த எண்ணே பொறித்திருக்கும். பேடில் உரசும் பொருள் 0.5 மி.மீ. ஆனதும் மாற்றச் சொல்கிறது ஷிமானோ கையேடு. அவிட் காரர்கள் பின் தகட்டோடு சேர்த்து 3 மி.மீ. என்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு முன் பிரேக் நின்றது. ஆனால் லீவரில் இன்னும் ஒரு மெத்மெத்து. பேட் கடித்த பிறகும் லீவர் ஒரு விரற்கடை உள்ளே வந்தது. மெக்கானிக் "உறையப் பாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் ஒருவரை லீவரை அழுத்தச் சொல்லி நான் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அழுத்துக்கும் அவுட்டர், அதாவது கறுப்பு உறை, முனைகளில் பாம்பு மாதிரி நெளிந்தது. ஒரு முனையில் தொப்பி இல்லை. வெட்டிய இடம் சாய்வாக, நசுங்கி இருந்தது. நான் போன வருடம் கட்டிங் பிளேயரால் கடித்து வெட்டியதுதான். பேடுக்குப் போக வேண்டிய இழுப்பு அந்த நசுங்கலை இன்னும் நசுக்குவதில் செலவாகிக்கொண்டிருந்தது.

அவுட்டரும் இன்னரும் புதிதாக மாற்றினேன். பிரேக் இன்னர் கம்பி பெரும்பாலும் 1.6 மி.மீ. கனம், அவுட்டர் 5 மி.மீ. கியருக்கு வரும் 4 மி.மீ. அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. அதனுள் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டும். அவசரத்தில் முழு பலத்தோடு பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் பிய்ந்துகொண்டு போகலாம். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். சுருள் என்பதால் கொஞ்சம் நசுங்கும். அதுவும் வேண்டாம் என்றால், நீளவாக்குக் கம்பிகளுக்கு மேலே வலுவான பின்னல் போட்டு, பிரேக்குக்கு என்றே செய்த நசுங்காத அவுட்டர் கிடைக்கிறது. கேபிள் நீளமாகப் போகும் பின் பிரேக்கில் அதைப் போட்டேன். நான் இதுவரை சைக்கிளுக்குச் செய்த செலவுகளில் கைக்கு நேரடியாகத் தெரிந்த செலவு அதுதான்.

வெட்டியதும் முனையை அரத்தால் தட்டையாக்கி, உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் துளையை ஊசியால் திறந்து, இரண்டு முனைக்கும் தொப்பி போட வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள். கேலிப்பரில் கட்டும் முன், இன்னரைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தயங்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது தயங்கினால் வளைவு அதிகம், அல்லது உள்ளே துரு.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட மிதப்பில் ஒரு நண்பனின் வண்டியைச் சரிசெய்கிறேன் என்று எடுத்து அவமானப்பட்டதும் உண்டு. அவன் நேர் ஹேண்டிலை எடுத்துவிட்டு வளைந்த ரேஸ் ஹேண்டில் மாட்டியிருந்தான், அதற்குரிய லீவரோடு. கை வீட்டில் இருக்கிறது, பேட் நெருக்கமாக இருக்கிறது, உறை புதிது. ஆனாலும் லீவர் பிடியைத் தொடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. விஷயம் என்னவென்றால், நேர் ஹேண்டிலுக்கு வரும் வி-பிரேக் வகை லீவர் ஒரு இழுப்பில் அதிகக் கேபிளை இழுக்கும், ரேஸ் லீவர் குறைவாக இழுக்கும். கேலிப்பர்களும் அதற்கேற்ப இரண்டு வகையாக வருகின்றன. அவனுடைய கேலிப்பர் அதிக இழுப்புக்கானது, லீவர் குறைந்த இழுப்புக்கானது. தலைகீழாக மாட்டினால், அதாவது வி-பிரேக் லீவரோடு ரேஸ் கேலிப்பர், லீவர் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. பேடில் எண்ணெய் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். எந்தத் திருகாலும் இதைச் சரிசெய்ய முடியாது. லீவரையோ கேலிப்பரையோ மாற்ற வேண்டும். "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றான். சொல்லியிருக்கலாம்தான்.

160 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கை 180 ஆக்கினால் அதே விரல் பலத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிமானம் வரும். அதற்கு அடாப்டர் வேண்டும், முன் ஃபோர்க் அந்த அளவைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். நான் அதற்குப் போகவில்லை. அதற்குப் பதில் காசில்லாத ஒன்றைச் செய்தேன். லீவரின் பட்டையைத் தளர்த்தி, ஹேண்டிலில் கொஞ்சம் நடுவை நோக்கித் தள்ளி, விரல் லீவரின் நடுவில் இல்லாமல் நுனியில் விழும்படி வைத்தேன். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது மாதம் ஒருமுறை வண்டியின் பக்கத்தில் நின்று, முன் லீவரை இழுத்துப் பிடித்து முன்னால் தள்ளுகிறேன். பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்க வேண்டும். இரண்டு கேலிப்பரிலும், கை வீட்டில் இருக்கும்போது நிற்கும் இடத்துக்கு நேராக நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். கை புள்ளியை விட்டு நகர்ந்திருந்தால் யாரோ உருளையைத் திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போன மாதம் முன் கை நகர்ந்திருந்தது. வீட்டில் சைக்கிளைத் தொடுகிற ஆள் நான் ஒருவன்தான். என்றைக்கோ அவசரத்தில், சிக்னலில் நின்றபடி, பழைய பழக்கத்தில் அரைச் சுற்று திருகியிருக்கிறேன். உருளையை உள்ளே விட்டு, உள்பக்கத் திருகைக் கால் சுற்று திருப்பினேன். செயினுக்கு இப்போது சொட்டு எண்ணெய்தான், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. ஈரக் காலையில் பின் பிரேக் முதல் இரண்டு முறை மட்டும் இன்னும் வாத்து மாதிரி கத்துகிறது. டிஸ்க் காய்ந்ததும் நின்றுவிடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.